ரிசர்வ் பிரிவின் ஒன்பதாம் அத்தியாயம்

விமானப்படையில் இருந்தேன் என்று சொன்னால் தென்காசியில் எவரும் கேட்கிற முதல் கேள்வி, "நீங்க ஃப்ளைட்டு ஓட்டுவீயளா?" என்பதுதான். இல்லை. நான் டைப் அடித்தேன். இருபது வருடம் ஒரே வேலை. மேலே பறந்தவர்கள் பறந்தார்கள். அவர்கள் பறந்ததைக் கீழே உட்கார்ந்து காகிதத்தில் ஏற்றியவன் நான். அது சின்ன வேலை என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். காகிதத்தில் ஏறாதது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும் என்பது புரிந்தபோது எனக்கு வயது அறுபதை நெருங்கிவிட்டது.

எங்கள் பிரிவு வடக்கே, மலை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சிறிய ஊரின் ஓரத்தில் இருந்தது. ரிசர்வ் விமானப் போக்குவரத்துப் பிரிவு என்று பெயர். ஏதோ ஒரு யுத்தம் முடிந்த கையோடு தற்காலிகமாக ஆரம்பித்ததாம். கலைக்க யாருக்கும் ஞாபகம் வராததால் அப்படியே நீடித்தது. மற்ற பிரிவுகள் பறந்து அலுத்த விமானங்கள் எங்களுக்கு வரும். ஆட்களும் அப்படித்தான். பாதிப் பேர் நிரந்தரம். மீதிப் பேர் சர்வீஸ் முடித்து ஊருக்குப் போனவர்கள். ஊருக்குப் போனாலும் சில வருடங்களுக்கு அவர்கள் பெயர் ரிசர்வ் பட்டியலில் இருக்கும். வெள்ளம், மண்சரிவு, பனியில் பாதை அடைபட்டது என்று ஏதாவது வந்தால் கடிதம் போகும். பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தவரும், பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவரும் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். ஒருநாள் பழைய யூனிஃபார்மைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்து, பொத்தான் எட்டவில்லை என்று சிரிப்பார்கள். மறுநாளிலிருந்து சிரிப்பு இருக்காது.

நாங்கள் குண்டு போட்டதில்லை. அரிசி போட்டோம், உப்பு போட்டோம். சாலை துண்டிக்கப்பட்ட மலைக் கிராமங்களுக்கு மண்ணெண்ணெய் போட்டோம். ஒருமுறை ஓட்டுப் பெட்டிகளை ஏற்றிவந்தோம். ஒருமுறை பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணை அழைத்துவரும் வழியில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவிலேயே குழந்தை பிறந்தது. இவையெல்லாம் நான் எழுதிய வரலாற்றில் இருக்கின்றன. இவற்றை யாரும் வெட்டவில்லை.

அந்த வருடம் மழை வழக்கத்தைவிட முன்னதாகவே பிடித்துக்கொண்டது. மலையில் பல இடங்களில் சரிவு. பத்துப் பதினைந்து ஆட்களை அவசரமாக வரவழைக்க வேண்டும் என்று பிரிவுத் தலைவர் சொன்னார். பட்டியலை என் முன்னால் போட்டு, "சுமை கட்டத் தெரிந்த ஆள் யார் இருக்கிறார்கள், உனக்குத் தெரியுமே?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மனைவி தென்காசியில், ஆறு மாதக் கர்ப்பம். அந்தச் சமயத்தில் பிரிவில் தமிழ் பேச ஒரு ஆள் கிடையாது. தூக்கத்தில்கூட இந்தி வர ஆரம்பித்திருந்தது. பட்டியலில் எங்கள் தென்காசிப் பக்கத்து ராயகிரிக்காரர் ஒருவர் பெயர் இருந்தது. முன்பு எங்களோடு வேலை செய்தவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டவர். அவரைவிடப் பக்கத்தில், உடனே வந்து சேரக்கூடிய தூரத்தில், இன்னும் நாலு பேர் இருந்தார்கள். நான் ராயகிரிக்காரர் பெயரைக் காட்டினேன்.

"கெட்டிக்காரரா?"

"இவரைப் போலக் கட்ட ஆள் கிடையாது, சார்."

அது பொய் இல்லை. மாட்டு வண்டியில் வைக்கோல் பாரம் கட்டிப் பழகிய கை. மூட்டைகளுக்கு மேல் வலையைப் போட்டு, பெல்ட்டை இழுத்து முடிந்தால் மலை மேல் எத்தனை குலுக்கல் குலுக்கினாலும் ஒரு மூட்டை நகராது. ஆனால் அதற்காக நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. சாயங்காலம் டீ குடிக்கும்போது நம்ம பேச்சு பேச ஒரு ஆள் வேண்டும். அதற்காகத்தான் சொன்னேன். கடிதத்தை நானே அடித்தேன்.

அவர் ஒரு தகரப் பெட்டியோடும் பெரிய பாட்டில் நிறைய எலுமிச்சை ஊறுகாயோடும் வந்து இறங்கினார்.

"ஏலே, நீ இன்னும் இங்கனதான் கெடக்கியா?" என்று என் தோளில் அடித்தார். பிறகு, "எந்தப் பய என் பேர எடுத்துக் குடுத்தான்னு தெரியல. எலுமிச்ச இப்பதான் காய்ப்புக்கு வந்திருக்கு. மகளுக்குக் காதுகுத்து வச்சிருந்தேன், அதயும் தள்ளிப் போட்டாச்சி" என்றார்.

நான் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தேன்.

மூன்று வாரம் நன்றாகத்தான் போயிற்று. சாயங்காலங்களில் விமானங்களை நிறுத்தும் ஹேங்கருக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினோம். நான் நினைத்தது நடந்தது. அந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

நாலாவது வாரம் ஒருநாள் காலையில் மேகம் கொஞ்சம் விலகியது. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான் கிடைக்கும் என்றார்கள். விமானத்தில் சுமை ஏற்றி முடித்தாயிற்று. காகிதங்களில் கையெழுத்து வாங்க நான் அங்கே நின்றிருந்தேன். பிரிவுத் தலைவர் வேகமாக வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். இன்னும் எட்டு டிரம் மண்ணெண்ணெய் ஏற்றச் சொன்னார்.

ராயகிரிக்காரர் உள்ளேயிருந்து இறங்கி வந்தார். "சார், பெல்ட் பழையது. இதற்கு மேல் தாங்காது. புதுசு கேட்டு எழுதியும் வரவில்லை" என்று இந்தியில் சொன்னார். அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்திருந்தேன்.

"மேலே ஜனங்கள் நாலு நாளாகப் பட்டினி கிடக்கிறார்கள். இன்று விட்டால் என்றைக்கு வானம் திறக்கும் என்று தெரியாது. நீ உன் பெல்ட்டைப் பற்றிப் பேசுகிறாய்" என்றார் தலைவர்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. மலை மேல் இருந்தவர்களை நினைத்துத்தான் சொன்னார். அன்றைக்கு அவர் செய்தது தவறு என்று நான் என்றைக்கும் எழுதியதில்லை. மறுநாள் செய்ததைத்தான் எழுதினேன்.

எட்டு டிரம்களும் ஏறின. இருந்த பெல்ட்டுகளை வைத்து அவர் கட்டினார். சுமையோடு அவரும் ஏறினார். விமானம் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள் திரும்பி வந்தது. இவ்வளவு சீக்கிரம் விமானத்தின் சத்தம் கேட்டதுமே எல்லோரும் ஓடினோம். மேலே ஏறும்போது பின்பக்கம் சாய்ந்து, பெல்ட் அறுந்து, டிரம்கள் உருண்டு, அவருடைய இடது காலைச் சுவரோடு சேர்த்து நசுக்கியிருந்தன. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தபோது அவருக்கு நினைவு இருந்தது. என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கட்டு அவுரலலே. பெல்ட்டுதான் அத்துட்டு. கட்டு அவுரல, பாத்துக்கோ."

வலிக்கிறது என்று சொல்லவில்லை. தன் கட்டு அவிழவில்லை என்பதைத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலமே தொடைக்கு நடுவில் காலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவரும் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சுமைப் படிவம் மேஜை மேல் இருந்தது. விமானத்தில் என்ன ஏற்றினோம், எவ்வளவு எடை என்று சுமை கட்டுகிறவர் எழுதிக் கையெழுத்துப் போடும் காகிதம் அது. ராயகிரிக்காரர் கடைசியாக ஏற்றிய எட்டு டிரம்களையும் தன் கையால் எழுதிச் சேர்த்திருந்தார்.

"இது அழுக்காக இருக்கிறது. சுத்தமாக ஒன்று அடித்துக் கொடு. முதலில் ஏற்றிய சுமை மட்டும் போதும்" என்றார் தலைவர்.

அவ்வளவுதான். மிரட்டவில்லை. எதையும் தருகிறேன் என்று சொல்லவும் இல்லை. அவசர காலத்தில் நேரம் மிச்சமாகும் என்று சுமை கட்டுகிறவர்களிடம் வெற்றுப் படிவங்களில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருப்போம். எல்லாப் பிரிவிலும் நடக்கிறதுதான் என்று சொல்லிக்கொள்வோம். அவருடைய கையெழுத்தோடு நாலைந்து படிவங்கள் என் மேஜை டிராயரில் இருந்தன. ஒன்றை எடுத்தேன். மிஷினில் செருகினேன். எட்டு டிரம் இல்லாத எடையை அடித்தேன். பழைய காகிதத்தைத் தலைவரிடம் கொடுத்தேன். அதற்கப்புறம் அது எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை.

சுமை சரியான எடையில்தான் இருந்தது என்றால் பெல்ட் ஏன் அறுந்தது? சரியாகக் கட்டவில்லை. அந்த ஒரு காகிதத்திலிருந்து விசாரணை முழுவதும் தானாகவே அந்த முடிவுக்குப் போய்ச் சேர்ந்தது.

விசாரணைக்கு வேறு இடத்திலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். அவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே கேள்வி கேட்டார்கள். சாட்சியத்தை எழுத டைப்ரைட்டரோடு என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அவருடைய தலைமாட்டுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். படிவத்தைக் காட்டினார்கள்.

"இது என் கையெழுத்து. ஆனால் இது நான் எழுதிய காகிதம் இல்லை. கடைசியில் எட்டு டிரம் ஏற்றச் சொன்னார்கள். இவருக்குத் தெரியும், இவரும் அங்கே நின்றார்" என்று என்னைக் காட்டினார்.

மூத்த அதிகாரி என் பக்கம் விரலை லேசாக உயர்த்தினார். எழுதாதே என்று அர்த்தம். மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். என்னிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் சாட்சி இல்லை, டைப் அடிக்கிறவன். என் விரல்கள் டைப்ரைட்டர் கட்டைகள் மேல் அப்படியே நின்றன. ராயகிரிக்காரர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன். "கேள்விக்குச் சாட்சி தெளிவான பதில் அளிக்கவில்லை" என்று மூத்த அதிகாரி சொல்லச் சொல்ல அடித்தேன்.

இரண்டு மாதத்தில் எனக்குத் தெற்கே மாற்றல் வந்தது. நான் கேட்கவே இல்லை. மகன் பிறந்த பன்னிரண்டாம் நாள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். எல்லோரும் என் அதிர்ஷ்டத்தைச் சொன்னார்கள்.

ராயகிரிக்காரர், சொந்தக் கவனக்குறைவு என்று எழுதப்பட்ட காகிதத்தோடு ஊருக்குப் போனார். ஆய்க்குடியில் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். ஊரில் அவரை யாரும் நாட்டுக்காகக் காலை இழந்தவராகப் பார்க்கவில்லை. போலீசிலும் ராணுவத்திலும் வீட்டுக்கு ஒருவர் இருக்கிற ஊர் அது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மூட்டை கட்டத் தெரியாமல் காலை விட்டவன் என்று டீக்கடையில் பேசினார்களாம். அவருடைய சொந்தத் தம்பியே ஒரு சண்டையில் அதைச் சொல்லிக் காட்டினாராம்.

தென்காசியிலிருந்து ராயகிரிக்கு ஒன்றரை மணி நேர பஸ். லீவில் வந்தபோதெல்லாம் போகவில்லை. ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகும் போகவில்லை. ஒருமுறை ஆய்க்குடி பஸ்ஸில் முன் சீட்டில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். காலை நீட்டி வைத்திருந்தார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. அடுத்த பஸ் வரும்வரை வெயிலில் நின்றேன்.

சென்ற வருடத்துக்கு முந்தின வருடம் பழைய தலைவர் போன் செய்தார். இப்போது பெங்களூரில் இருக்கிறார், எண்பதைத் தொடுகிற வயது. பிரிவு கலைக்கப்பட்டு ரொம்ப நாளாயிற்று. புது விமானங்கள் வந்ததும் எங்களுக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது. பெயர்ப்பலகையைக்கூட யாரோ கழற்றி அடுப்பெரிக்க எடுத்துக்கொண்டார்களாம். "நம் பிரிவைப் பற்றி எவனும் எழுதப் போவதில்லை. தினக்குறிப்பு எல்லாம் நீதானே அடித்தாய்? நீயே வரலாற்றை எழுது. புத்தகமாகப் போடுவோம்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு டைப் அடிக்கிறவனை யாரும் எழுது என்று சொன்னதில்லை. எட்டு மாதம் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். எட்டு அத்தியாயம் ஓட்டமாகப் போயிற்று. ஒன்பதாவதில் அந்த வருடத்து மழை வந்தது. ஒரு மாதம் ஒரு வரி நகரவில்லை. கடைசியில் ஒருநாள் மத்தியானம், நடந்ததை நடந்தபடி முழுவதும் எழுதினேன். எழுதியதை மனைவியிடம் தமிழில் வாசித்துக் காட்டினேன். இத்தனை வருடத்தில் அவளிடம் சொன்னதில்லை.

அவள் காகிதங்களை வாங்கி அடுக்கி வைத்தாள். பிறகு, "அவியள போய்ப் பாத்துட்டு வாங்க. பாக்காம இத யாருக்கும் அனுப்பாதீங்க" என்றாள்.

போனேன். ராயகிரியில் கேட்டதும் வழி சொன்னார்கள். அவர் வாசலில் நாற்காலி போட்டு எலுமிச்சம்பழங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். செயற்கைக் கால் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாலே" என்றார். நான் திண்ணையில் உட்கார்ந்தேன். அவருடைய மனைவி மோர் கொண்டுவந்து வைத்து, "தென்காசி அண்ணாச்சியா? இவிய உங்களப் பத்திச் சொல்லுவாவ" என்றார். புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். ஒன்பதாம் அத்தியாயத்தைப் பற்றிச் சொன்னேன். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுது. எட்டு டிரம்ம எழுது. பெல்ட்ட எழுது. நீ அடிச்ச காயிதத்தயும் எழுதணும், ஆமா" என்றார்.

"எழுதிட்டேன், அண்ணாச்சி."

"ஆஸ்பத்திரில நான் சொன்னத நீ அடிக்காம உக்காந்திருந்தியே?"

"அதயும் எழுதிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். "உனக்கு அன்னைக்கு வேற வழி இல்லன்னு வச்சிக்கிடுதேன். பொண்டாட்டி புள்ளத்தாச்சி. மேல இருக்கவன் கைய தூக்குதான். நீ என்ன செய்வ? நானா இருந்தாலும் என்ன செஞ்சிருப்பேனோ, தெரியல" என்றார்.

அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் எழுதியதில் இன்னும் ஒன்று இருந்தது. அவர் படிக்கும்போது தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பட்டியலில் அவர் பெயரைக் காட்டியது நான்தான் என்றேன். பக்கத்திலேயே நாலு பேர் இருந்தார்கள் என்றேன். எதற்காகக் காட்டினேன் என்பதையும் சொன்னேன்.

அவர் கையில் இருந்த பழத்தைக் கூடையில் வைத்தார்.

"அதுவும் நீதானா?"

"ஆமா, அண்ணாச்சி."

"பேச்சுத் தொணைக்கா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இத்தன வருசமா, விதின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார், தன்பாட்டுக்குச் சொல்வது போல. "பட்டியல்ல பேரு வந்துட்டு, நாம என்ன செய்யன்னு."

கதவருகே நின்றிருந்த அவர் மனைவி முன்னால் வந்து, நான் பாதி குடித்திருந்த மோர் டம்ளரை எடுத்தார்.

"எந்திரிங்க. போயிட்டு வாங்க" என்றார். அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

அத்தியாயத்தில் ஒரு வார்த்தையையும் மாற்றாமல் எல்லாவற்றையும் பெங்களூருக்கு அனுப்பினேன். "அருமையாக வந்திருக்கிறது" என்று தலைவர் பதில் போட்டார். அவர் ஒன்பதாவதைப் படித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார் என்று நம்பினேன். எண்பது வயதில் மனிதருக்கு மனசு இளகியிருக்கும் என்று நினைத்தேன். நானே எனக்குச் சொல்லிக்கொண்டது அது.

சென்ற சீசனில் குற்றாலத்தில் புத்தக வெளியீடு. வெவ்வேறு காலத்தில் பிரிவில் இருந்த தெற்கத்திக்காரர்கள் எல்லோரும் கூடுவது என்று முடிவாயிற்று. தலைவருக்கு அருவியில் குளிக்க ஆசை. ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலைப் பிடித்தோம். ராயகிரிக்கு அழைப்பிதழைத் தபாலில் அனுப்பியிருந்தேன். பதில் இல்லை.

அன்றைக்குச் சாரல் விடாமல் அடித்தது. மெயின் அருவியில் தண்ணீர் அதிகம் என்று போலீஸ் கயிறு கட்டிக் குளிக்க விடவில்லை. தலைவர் அறையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலையில் எண்ணெய் வாசனையோடு மேடைக்கு வந்தார். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அட்டையில் என் பெயர் பெரிதாக இருந்தது. கட்டைப் பிரித்து ஒரு புத்தகத்தை எடுத்து உள்ளடக்கத்தைப் பார்த்தேன். எட்டுக்கு அடுத்தது, நான் பத்தாவதாக எழுதியிருந்தது. அதற்கு ஒன்பது என்று எண் போட்டிருந்தார்கள். எட்டாவதின் கடைசியில் நான் எழுதாத ஒரு வாக்கியம் இருந்தது.

தலைவரைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"பக்கம் கூடிவிட்டது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது கொண்டாட்டப் புத்தகம், தம்பி. பேரப்பிள்ளைகள் படிப்பார்கள். முடிந்து போனதற்கு இப்போது என்ன?" என்றார். என் கன்னத்தைத் தட்டினார். தட்டிய இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது.

நான் வெளி வராந்தாவுக்கு வந்தேன். மாடிப்படியில் ராயகிரிக்காரரின் மனைவி ஏறி வந்துகொண்டிருந்தார். குடையை மடக்கி உதறினார். புடவையின் கீழ்ப்பகுதி நனைந்திருந்தது.

"அவிய வரல. வரமாட்டாவ. என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு வரச் சொன்னாவ" என்றார். "எனக்கு இங்கிலீசு தெரியாது. நீங்கதான் வாசிச்சுச் சொல்லணும்."

என் கையில் புத்தகம் இருந்தது. எதை வேண்டுமானாலும் வாசித்துக் காட்டியிருக்கலாம். என் மனதில் ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் மனப்பாடமாக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார். அப்படி ஒரு எண்ணம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எட்டாவதின் கடைசிப் பக்கத்தைத்தான் திறந்தேன். அச்சில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்.

"சுமை கட்டுவதில் ஒரு தனிநபர் காட்டிய கவனக்குறைவால் நேர்ந்த சிறு விபத்து ஒன்றைத் தவிர, எங்கள் பிரிவின் பாதுகாப்பில் குறை எதுவும் இருந்ததில்லை."

"தனிநபர்னா அவியளா?"

"ஆமா."

"பேரு கூடப் போடலியா?"

"இல்ல."

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாது என்றாலும் யாருடையது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "இது உங்க பேருதான?" என்று விரலை வைத்துக் காட்டினார். "இத நீங்கதான் எழுதுனீயன்னு போட்டிருக்கு, இல்லியா?"

நான் ஹாலுக்குள் போனேன். யாரோ நன்றியுரைக்காக மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவரிடமிருந்து வாங்கினேன். முதலில் தமிழில் சொன்னேன். எட்டு டிரம், பெல்ட், வெற்றுப் படிவம், ஆஸ்பத்திரி ஸ்டூல், பட்டியல், எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு தலைவருக்குப் புரிய வேண்டும் என்று அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காகிதம் இல்லாமல் நான் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நாற்பது பேர் இருந்திருப்பார்கள். ஒருவரும் அசையவில்லை. என்னைத் திட்டுவார்கள், மைக்கைப் பிடுங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவராவது எழுந்து, எனக்கும் தெரியும் என்று சொல்வார் என்றும் நினைத்தேன். அந்த எட்டு டிரம்களை உருட்டி ஏற்றியவர்களில் ஆந்திராக்காரர்கள் இரண்டு பேர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் மெல்ல எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். மைக்கை வாங்கினார்.

"நம் எழுத்தாளர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். எல்லோருக்கும் வயதாகிறது. அந்த நாட்களில் நாம் ஒவ்வொருவரும் எவ்வளவு தியாகம் செய்தோம் என்பதற்கு இவருடைய கண்ணீரே சாட்சி" என்றார் ஆங்கிலத்தில்.

கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த இரண்டு பேரும் தட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவர், "அண்ணாச்சி, பிரியாணி ஆறுது, எறங்கி வாங்க" என்று கூப்பிட்டார்.

வாசலுக்கு வந்தபோது ராயகிரிக்காரரின் மனைவி அங்கேயே நின்றிருந்தார். நான் தமிழில் சொன்னது முழுவதையும் கேட்டிருந்தார்.

"கை தட்டுதாவளே, எதுக்கு?" என்று கேட்டார்.

பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். சாரலில் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தேன். அன்று சாயங்காலமே பிரிவின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். புத்தகத்தை மட்டும் எல்லா ஊர்களுக்கும் அனுப்பினார்கள். என் பெயரோடு.

அதற்கப்புறம் வக்கீல் ஒருவரைப் பிடித்து, நடந்தது எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாக எழுதி, விமானப்படையின் ஆவணங்கள் வைத்திருக்கும் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். என் மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினேன். ஐந்து மாதம் கழித்து நாலு வரியில் பதில் வந்தது. அந்தக் காலத்துக் கோப்புகள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன, எடுக்கப்பட்ட முடிவு மட்டும் பதிவில் இருக்கிறது, அதை மறுபரிசீலனை செய்ய முகாந்திரம் இல்லை. என் மேல் நடவடிக்கை எடுப்பதற்கும் கோப்பு இல்லை. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத கடிதம். அடித்தவன் நல்ல டைப்பிஸ்ட்.

மேலிடத்துக்கு இன்னொன்று எழுதியிருக்கிறேன். மனைவி, "இன்னும் எத்தன எடத்துக்கு எழுதுவீய?" என்று கேட்கிறாள். தெரியவில்லை. இது அவருக்காகவா, எனக்காகவா என்றும் தெரியவில்லை. எனக்காக என்றால் அதில் ஒரு பிரயோசனமும் இல்லை. நான் நன்றாகத் தூங்கினால் அவருக்கு என்ன?

போன மாதம் மாற்றுத் திறனாளிகள் அட்டையைப் புதுப்பிக்கும் முகாம் தென்காசியில் நடந்தது. மச்சினன் மகனுக்காக நான் போயிருந்தேன். வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவர் உட்கார்ந்திருந்தார், கையில் டோக்கனோடு. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் உட்காரவில்லை. எதிரில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதிப் போட்டியாமே. பதில் வந்துச்சா?"

"வந்துச்சு, அண்ணாச்சி. பைலு இல்லன்னு போட்டிருக்காவ."

"ம்" என்றார். டோக்கனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "ஒனக்குப் பேச்சுத் தொண கெடச்சிதாலே, அந்த மூணு வாரம்?" என்று கேட்டார். குத்துகிற மாதிரி கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

"கெடச்சிது" என்றேன்.

உள்ளே இருந்து அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் கை கொடுக்கப் போனேன். அவர் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றித் தானாகவே எழுந்து, காலை இழுத்து வைத்து, உள்ளே போனார்.